எண்ணுவதா, படிப்பதா?

விஞ்ஞான உலகத்தில் மிக அதிக முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா உங்களுக்கு? டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைப் பற்றி 1953-ல் வாட்சனும் கிரிக்கும் எழுதியதுதான் என்று நினைப்பீர்கள். இல்லை.

1951-ல் ஆலிவர் லௌரி என்ற அமெரிக்கர் மூன்று சக ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரை அது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளப்பது எப்படி? சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, அதை வைத்துப் புரதத்தைக் கணக்குப் போடலாம். அவ்வளவுதான் சமாச்சாரம். இதை 3 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. 2014-ல் 'நேச்சர்' பத்திரிகை முதல் நூறு கட்டுரைகளைப் பட்டியல் போட்டது. லௌரிக்கு முதலிடம். இரட்டைச் சுருளுக்கு நூறில் ஓர் இடம்கூட இல்லை!

காரணம் எளிது. புரதத்தை அளந்தவர்கள், எந்த முறையில் அளந்தோம் என்று சொல்லியாக வேண்டும். இரட்டைச் சுருளோ பள்ளிக்கூடப் பாடமாகிவிட்டது. அதற்கு யார் அடிக்குறிப்பு போடுவார்கள்? இட்லி மாவைப் புளிக்க வைக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்த புண்ணியவதியின் பெயரைச் சொல்லிவிட்டா தினமும் சாப்பிடுகிறோம்?

ஆக, மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரை எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சொல்கிறது. எழுதியவர் எவ்வளவு பெரியவர் என்று சொல்வதில்லை. ஆனால் நாம் அதனிடம் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறோம். 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச்-இன்டெக்ஸ்' என்று ஒன்றைச் சொன்னார். தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் உங்களிடம் 20 இருந்தால், உங்கள் மதிப்பு 20. ஒரு ஆயுள்கால உழைப்பு, ஒரே எண்ணில்! வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம் எல்லாவற்றிலும் இன்று இப்படிப்பட்ட எண்கள் தலைகாட்டுகின்றன.

காதலின் கரிகோ என்ற ஹங்கேரியப் பெண்மணியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எம்.ஆர்.என்.ஏ.வை மருந்தாக்கலாம் என்று பிடிவாதமாக நம்பியவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கவில்லை. 1995-ல் பதவியைக் குறைத்தார்கள். அவர் போகவில்லை. 2005-ல் ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பெரிதாகச் சத்தமில்லை. 2020-ல் கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்ததே, அதற்கு அடிப்படை அந்தக் கட்டுரை. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு. 2006-ல் யாராவது மேற்கோள்களை எண்ணி அவரை எடை போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

'அப்படியானால் எண்ணையே ஒழித்துவிடலாமே' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். எண்ணுக்கு மாமா, மச்சான் கிடையாது. சிபாரிசுக் கடிதம் வாங்க ஆளில்லாத ஒருவன், 'என் வேலையை இத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள், பாருங்கள்' என்று காட்ட முடிவது அந்த எண்ணால்தான். அதைப் பிடுங்கிவிட்டால் மறுபடி வேண்டப்பட்டவர்களின் ராஜ்ஜியம் வந்துவிடும்.

குற்றம் எண்ணிடம் இல்லை. அதைப் பார்த்ததும் கட்டுரையைப் படிக்காமல் மூடி வைக்கிறோமே, அங்கே இருக்கிறது. படிப்பது கஷ்டம். நேரம் ஆகும். அதைவிட, படித்துவிட்டு 'இவர் வேண்டாம்' என்று சொன்னால் அந்த முடிவு நம்முடையது. நாளை தப்பாகிப் போனால் பதில் சொல்ல வேண்டும். எண்ணைக் காட்டி அனுப்பிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. இந்தச் சௌகரியத்துக்காகத்தான் நமக்கு எண்கள் பிடிக்கின்றனவோ என்று எனக்கொரு சந்தேகம்.

நீங்கள் விஞ்ஞானியாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆபீசில் யாருக்காவது இன்கிரிமென்ட் எழுதியிருப்பீர்கள். அடுத்த முறை, எண்ணைப் பாருங்கள், தப்பில்லை. பார்த்த பிறகு, அந்தப் பிள்ளையின் நோட்டை ஒருமுறை திறந்தும் பாருங்கள்.