மாக்கோழியும் மல்லர் மேடையும்

அனுப்பம்பட்டில் நம் இல்லத்திற்கு விடுமுறையில் வந்திருந்த பேரன், கைப்பேசியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். மலைபோன்ற ஒருவனை, அவன் தோளுயரம்கூட இல்லாத ஒருவன் தூக்கி வீழ்த்தினான். எட்டிப் பார்த்த நாமும் நம்மையறியாமல் கைதட்டிவிட்டோம். "இது பொய்ச் சண்டைதான் பாட்டி. அப்படியென்றால் பார்ப்பதில் பாவம் இல்லைதானே?" என்றான் அவன். கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட நமக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

பொய் என்பது இரகசியமன்று. வெற்றி எவருக்கு என்பது முன்னரே முடிவாகிவிடும். 1989ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில மேலவையின் முன், இது கேளிக்கையே என்று நடத்துகின்ற நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். அதனால் கூட்டம் குறைந்துவிடவில்லை. நம் தந்தையார் காலத்தில் கிங்காங், தாராசிங் என்ற பெயர்களை அறியாத சிறுவர் அரியர். கிங்காங் என்பவர் அங்கேரியரான எமில் சாயா. சுமார் 200 கிலோ எடையினர் என்பர். பஞ்சாபின் தாராசிங் ஏறத்தாழ 130 கிலோ. அவரும் சிறியவரல்லர்தாம், ஆயினும் கிங்காங்கின் அருகில் நின்றால் மெலியவராகவே தோன்றினார். மக்கள் மனம் அவர் பக்கம் சாய அதுவே போதுமானதாயிற்று.

வாழ்க்கையில் மெலியவன் தோற்பதையே அன்றாடம் காண்கிறோம். பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள், எவர் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை வலிமைக்கு விடாமல், 'பாடு' என்னும் முறைவைப்பாலும் சீட்டுக் குலுக்கலாலும் முடிவு செய்துவந்திருக்கின்றனர். அவர்தம் தொழில் நம் நெறிக்கு ஒவ்வாததுதான். எனினும் அம்முறையிலுள்ள நீதியை வியவாதிருக்க இயலவில்லை. அத்தகைய நீதி கிடைக்காத இடங்களில், மேடையிலேனும் அதைக் காண மனம் விழைகிறது போலும்.

மேடையில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் வியப்பே மிகும். தூக்கி எறிபவன், எறியப்படுபவனின் தலையும் கழுத்தும் அடிபடாதவாறு பார்த்துக்கொள்கிறான். விழுபவன் முதுகு முழுவதும் தரையில் படியும்படி விழுந்து அதிர்ச்சியைப் பரப்புகிறான். பகைவன் என அறிவிக்கப்பட்டவன் கையிலேயே தன் உயிரை ஒப்படைத்திருக்கிறான்! இம்சையின் வேடத்திற்குள் இத்துணை அக்கறை.

மல்யுத்தம் நம் புராணத்திற்கும் புதிதன்று. இரு படைகளும் மடிவதைத் தவிர்க்கவே பரதனும் பாகுபலியும் திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்ல யுத்தம் என்ற மூன்றோடு போரை முடித்துக்கொள்ள இசைந்தனர். பாகுபலி தமையனைவிட உயரமானவர். மல்ல யுத்தத்தில் பரதனைத் தலைக்குமேல் தூக்கியும் நிலத்தில் அறையவில்லை. அங்கே வலியவர், தம் வலிமையைக் கண்டே நாணினார், துறவு பூண்டார்.

ஆனால் பேரனின் வினாவுக்கு இது முழு விடையாகாது. யசோதர காவியத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். யசோதரன் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று; மாவினால் செய்ததை. ஆயினும் அவனும் அவன் தாயும் பல பிறவிகள் விலங்குகளாய் உழன்றனர். மாவுக்கு உயிரில்லை, வெட்டியவன் மனத்தில் கொலை இருந்தது. பாவ இம்சை என்று நம் ஆசாரியர்கள் கூறியது இதைத்தான். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றும் வினையாகும் என்றால், மல்லன் மனத்தில் இல்லாத கொலை, பார்ப்பவன் மனத்தில் இருக்கக்கூடும் அன்றோ? 1999 மே மாதத்தில், அமெரிக்காவில் கூரையிலிருந்து மேடைக்கு இறக்கப்படும் வேளையில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் விழுந்து மாண்டார். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, மேற்கொண்டு நடத்தினார்கள்.

இதை எழுதும்போது பழைய நிகழ்ச்சி ஒன்று உறுத்துகிறது. ஏரிக்கரைப் பள்ளி ஒன்றில் நாம் பணியாற்றிய நாளில், மைதானத்தில் பெரிய மாணவன் ஒருவன் 'தொப்'பென்று விழுவதும் எழுவதுமாய் இருந்தான்; அவன் மார்பின்மேல் ஒரு பொடியன். சண்டை என்று எண்ணிப் பெரியவனையே பிரம்பால் அடித்தோம். அவன் அழவில்லை. பொடியனின் காதில் விழாதபடி, "அவன் ஜெயிக்கட்டும்னு நான்தான் டீச்சர் விழுந்தேன்" என்றான். ஆசிரியப் பயிற்சியில் கற்ற குழந்தை உளவியல் அன்று எங்கே போயிற்றோ! அந்த மைதானத்தில் அன்று நடந்த சமமற்ற சண்டை, நமக்கும் அவனுக்கும் இடையே நடந்ததுதான்.

பேரனிடம் திருப்பிக் கேட்டோம்: "நீ கைதட்டியது சிறியவன் வென்றதற்கா, பெரியவன் அடிபட்டதற்கா?"

சற்று நேரம் யோசித்தான். "அடிபட்டதற்குத்தான் பாட்டி. நீங்கள்?" என்றான்.

நாமும் அதற்கே என்று ஒப்புக்கொண்டோம்.