கிணற்றுச் சுவரில் ஒரு பச்சைத் தகடு



சென்ற வாரம் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். அவரிடம் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். "ஹஜ்ரத், என் வாப்பா வியாபாரி, நானும் வியாபாரி. மகன் எதிலும் எங்களைப் போல இல்லை. ஆறு மாதமாக அவனோடு பேச்சே இல்லை" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை. அவரைப் பள்ளிக் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன்.

அதன் உட்சுவரில் பெரணி முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அவற்றிலிருந்து தூசு போல உதிரும் ஸ்போர்கள் ஈரத்தில் விழுந்து முளைக்கின்றன. ஆனால் முளைப்பது பெரணி அல்ல, சகோதரர்களே! சுண்டுவிரல் நகம் அளவுக்கு, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு. தண்டு இல்லை, உண்மையான வேரும் இல்லை. பெரணியின் குரோமோசோம்களில் பாதிதான் அதற்கு. தெரியாதவர் பாசி என்று சுரண்டிப் போட்டுவிடுவார். ஆண் அணுவும் முட்டையும் உண்டாவது அந்தத் தகட்டில்தான். மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் போதும், ஆண் அணு நீந்திப் போய் முட்டையைச் சேரும். அங்கிருந்து பழையபடி பெரணி எழுகிறது. பேரன் பாட்டனைப் போல இருக்கிறான். நடுவில் வந்த பிள்ளை இருவரையும் போல இல்லை. அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் பேரனும் இல்லை.

இதை 1851-ல் விளக்கி எழுதியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஹோஃப்மைஸ்டர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். தகப்பனாரின் இசைநூல் வியாபாரத்தில் இருந்துகொண்டே தானாகக் கற்றவர். கடுமையான கிட்டப்பார்வை வேறு!

பூக்கும் மரங்களிலும் இந்தத் தலைமுறை ஒளிந்திருக்கிறது. மதீனாவின் விவசாயிகள் ஆண் பேரீச்சையின் மகரந்தத்தைப் பெண் மரத்தில் சேர்த்த செய்தியை ஸஹீஹ் முஸ்லிமில் படிக்கிறோம். அந்தத் தூளின் ஒவ்வொரு மணியும், இரண்டு மூன்று செல்களே கொண்ட ஒரு தனித் தலைமுறை.

பூமி முளைப்பிப்பவற்றில் மட்டுமல்ல, மனிதர் அறியாதவற்றிலும் ஜோடிகள் உண்டு என்று ஸூரா யாஸீன் பேசுகிறது. அந்த ஆயத்தில் பெரணியைத் தேடி ஒட்டவைப்பது என் நோக்கமல்ல. மனிதன் பெரணி அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தத் தகப்பனார் வெகுநேரம் குனிந்து அந்தத் தகட்டையே பார்த்தார். பிறகு, "அவன் நம்பரை மாற்றிவிட்டான், அவன் உம்மாவிடம்தான் கேட்கணும்" என்றார்.

யா அல்லாஹ், அந்த இருவரையும் சேர்த்து வைப்பாயாக! ஆமீன்.