பெயரும் பேணலும்

பிழையான பெயரைச் சொல்லி ஒன்றைப் போற்றினால், அந்தப் போற்றுதலும் பிழையாகிவிடுமா? தத்துவ நூலோர் மட்டும் ஆராய வேண்டிய வினாவாக இது தோன்றலாம். ஆனால் மும்பையில் நம்மவர் வாழும் வீடுகளின் சன்னல் ஓரத்தில், வண்ணம் மங்கிய மண்தொட்டியில் நிற்கும் ஒரு பழஞ்செடியே இவ்வினாவை எழுப்பப் போதுமானது.

அச்செடியைப் பலர் பிரம்ம கமலம் என்கிறோம்; நிஷாகந்தி என்பாரும் உண்டு. ஆண்டு முழுவதும் அதைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை. மழைக்காலத்தை ஒட்டி ஓர் இரவு, உள்ளங்கையினும் பெரிய வெண்மலர் விரிகிறது. மணம் கூடத்தை நிறைக்கிறது. அண்டை வீட்டாரை அழைக்கிறோம்; விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுகிறோம். மலரினுள்ளே பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளைக் காண்போரும் உளர். பொழுது விடிவதற்குள் மலர் தலை சாய்ந்துவிடும்.

தாவரவியலார் கூறுவதோ வேறு. உண்மையான பிரம்ம கமலம் இமயத்தின் உயர்சரிவுகளில், 3,000 மீட்டருக்கும் மேலே வளர்வது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. உத்தராகண்ட் மாநிலத்தின் மாநில மலர். நம் தொட்டிச்செடியின் தாயகம் தென் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நூல்களில் அதன் பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம். அது தாமரையும் அன்று, இமய மலரும் அன்று. கேக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி.

'முள்ளே இல்லையே, இது எப்படிக் கேக்டஸ் ஆகும்?' என்று கேட்கலாம். இலை போல் தட்டையாகத் தொங்குவது உண்மையில் தண்டு. அதன் விளிம்பில் சிறு வெட்டுகள் உள்ளன. கேக்டஸ் குடும்பத்திற்கே உரிய அடையாளமாகிய, முள்ளோ அரும்போ தோன்றும் சிறு மெத்தை போன்ற புள்ளி அங்கேதான் அமைந்திருக்கிறது. மொட்டும் அவ்விடத்திலிருந்தே புறப்படும். சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி இதனின் வேறானது. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஒடித்தால் பால் வடிக்கும். அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்ப்புற வேலிகளில் படர்ந்த சப்பாத்திக்கள்ளி பெயரளவில் கள்ளியாயினும், அமெரிக்காவிலிருந்து வந்த கேக்டஸே. தோற்றம் ஒத்திருந்ததால் தமிழர் அதற்கும் பழைய பெயரையே சூட்டினர்.

இனி வினாவுக்கு வருவோம். கல்லூரியில் படிக்கும் பேரன், பூத்த இரவில் விளக்கோடு நிற்கும் பாட்டியிடம், "இது பிரம்ம கமலமே இல்லை பாட்டி, மெக்சிகோ நாட்டுக் கேக்டஸ்" என்று சொல்வதாகக் கொள்வோம். அவன் சொன்னது உண்மை. ஆயினும் அந்த உண்மை கூடியிருந்தோர் நெஞ்சில் கல்லாய் விழுகிறது. அவன் பேசாதிருந்திருக்க வேண்டுமா? பாட்டி தம் வழிபாட்டை விட்டுவிட வேண்டுமா?

உண்மையைக் காட்டிலும் அமைதியே பெரிது என்பது ஒரு சாரார் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்த ஒன்றை மூத்தோரிடம் மறைப்பது, 'இதைத் தாங்கும் வலிமை உங்களுக்கு இல்லை' என்று அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். பெயர் பிழையென்றால் எல்லாமே பொய் என்பது மறுசாரார் கருத்து. அதுவும் பொருந்தாது. அறிஞர் சூட்டிய பெயரையே எடுத்துக்கொள்வோம். எபிஃபில்லம் என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'இலையின்மேல்' என்று பொருள். தண்டினை இலையென எண்ணி, அதன்மேல் பூ பூப்பதாகக் கண்ட பார்வை அப்பெயரில் உறைந்து கிடக்கிறது. தண்டு என்று தெளிந்த பின்னரும் பெயரை மாற்றினார் இல்லை. பழைய பெயர் நின்றது. அறிவு மட்டும் திருந்தியது. அறிவியலுக்கு ஒத்த இம்முறை பாட்டிக்கும் ஒத்துவரும் அன்றோ?

அப்படியானால் எந்தப் பெயரும் யாருக்கும் பொருந்துமா? பொருந்தாது. பம்பாய் வாழ் தமிழர் இதை அனுபவத்தால் அறிவர். தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி என்ற வேறுபாடின்றி நம் அனைவரையும் இந்நகரில் 'மதராசி' என்ற ஒரே சொல்லால் அழைத்தனர். 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது அச்சொல் வசையாகவே ஒலித்தது. அதுவும் பிழையான பெயர்தான். ஆனால் இரண்டு பிழைகளும் ஒன்றல்ல. ஒன்று அருகில் சென்று பார்த்தவர் வியந்து இட்ட பெயர். மற்றது பார்க்க மறுத்தவர் வீசிய பெயர். ஆகவே, ஒரு பெயர் சரியா என்று கேட்பதோடு நில்லாமல், அப்பெயர் நம்மை எவ்வாறு நடந்துகொள்ளச் செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நடத்தை என்னும் இந்த உரைகல்லில் இரு பெயர்களையும் தேய்த்துப் பார்க்கலாம். தாமரை என்று நம்பி நாளும் நீரைத் தேக்கினால் வேர் அழுகும். கேக்டஸ் என்று கேட்டறிந்து, பாலைவனச் செடியென முடிவு செய்து, மேற்கு வெயிலில் காயவிட்டால் தண்டு வெளுத்துக் கருகும். ஏனெனில் இது பாலையில் பிறந்ததன்று. வெப்பக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி, இலைகளினூடே வடிந்துவரும் ஒளியில் வாழ்வது. அதற்கு வேண்டியது காலை இளவெயில். மணலும் மக்கிய இலையும் கலந்த, நீர் தங்காத மண். மேல்மண் உலர்ந்த பின் ஊற்றும் நீர். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுவதால், அம்மாதங்களில் தொட்டியைச் சாரலுக்கு ஒதுக்கி வைத்து, அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாவுப்பூச்சி கண்டால் துடைத்து, வேப்பெண்ணெய் கலந்த நீர் தெளித்தால் போதும்.

முதுமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழஞ்செடியின் அடித்தண்டு பழுப்பேறி மரம்போல் இறுகும். அதை நோய் என்று கருதி வெட்டி எறிவோர் உண்டு. அது நோயன்று, மேலுள்ள பசுமையைத் தாங்குவதற்காகத் தண்டு அடைந்த உறுதி. மெய்யான நோயாயின் அடி மென்மையாகிக் குழையும். விரலால் தொட்டாலே தெரிந்துவிடும். முதுமையின் அடையாளத்தையும் நோயின் அடையாளத்தையும் பிரித்தறிய வேண்டுமானால் தொட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து இரண்டு அறை வீட்டில் வைத்திருக்கும் நமக்கு, இது செடிக்கு மட்டும் உரிய பாடமன்று.

பேரன் கையில் சரியான பெயர் இருக்கிறது. ஆனால் அவன் ஒருநாளும் அத்தொட்டிக்கு நீர் ஊற்றியவன் அல்லன். பாட்டியிடம் பெயர் பிழை. ஆனால் எவ்வளவு நீர், எவ்வளவு நிழல் என்பது அவர் கைக்குத் தெரியும். பல்லாண்டுகள் பார்த்துப் பார்த்துக் கற்றது அது. இவ்விரண்டில் எது மெய்யறிவு என்று கேட்டால், நான் பாட்டியின் பக்கமே நிற்பேன். எனினும் அவர் அறிவுக்கும் ஒரு குறை உண்டு. அது அவர் கையோடு முடிந்துவிடக் கூடியது. அவருக்குப் பின் அத்தொட்டி யாரிடம் சேருமோ, அவர் நூலில் தேடிப் பேணும் முறையை அறிந்துகொள்ளச் சரியான பெயரே வழி. எனவே பேரன் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பூத்த இரவில், பலர் முன்னிலையில் அன்று. மறுநாள், தானும் நீர்ச்செம்பை ஏந்திச் சென்று சொல்ல வேண்டும். திருத்தும் உரிமை பேணுவதில் பங்குகொண்டவனுக்கே உரியது.

இச்செடியை விதையால் பெருக்குவோர் அரியர். ஒரு சாண் தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைத்து, மணல்மண்ணில் ஊன்றுகிறோம்; இரண்டு மூன்று ஆண்டுகளில் அதுவும் பூக்கும். அவ்வாறு வளர்வது தாய்ச்செடியின் பிள்ளை அன்று, அதே செடிதான். மாதுங்காவில் ஒருவர் வெட்டிக் கொடுத்த துண்டு செம்பூரில் பூத்தாலும், தாராவியின் மாடிப்படியில் பூத்தாலும், பூப்பது ஒரே செடி. கடல் கடந்து, நாடு மாறி, பெயரும் மாறி வந்த பின்னரும் தன் இரவில் பூக்க அது மறக்கவில்லை. வழிபடுவோர் வழிபடட்டும், ஆராய்வோர் ஆராயட்டும். இருவரில் ஒருவரேனும் நாளைக் காலை மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, வேண்டிய அளவு நீர் ஊற்றட்டும்.