குறிஞ்சி மறுபடி பூக்கும்போது நீ யார்?

2022 அக்டோபர். கேரளத்துச் சாந்தன்பாறையை ஒட்டிய கள்ளிப்பாறை மலை நீலமாய் நின்றது. நீலக்குறிஞ்சி பூத்திருந்தது. எங்கிருந்தோ வந்த கூட்டம் மலை ஏறியது. படம் எடுத்தது, செடியை மிதித்தது, தண்ணீர் பாட்டிலை எறிந்துவிட்டு இறங்கிப் போனது.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடி என்று எல்லாருக்கும் தெரியும். மீதிப் பதினொரு வருடம் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று யாராவது கேட்டார்களா? விதையிலிருந்து முளைத்தது. மஞ்சு மூடிய மேட்டில் வேர் பிடித்தது. மழையிலும் பனியிலும் காற்றிலும் தண்டு முற்றியது. பார்த்தவர்கள் வெறும் புதர் என்றார்கள். யாரும் படம் எடுக்கவில்லை, யாரும் கைதட்டவில்லை. அது தயாராகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்த மலை அடுத்து நீலமாகும் வருடம் 2034. தம்பி, தங்கையே, உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அன்று கள்ளிப்பாறையில் நீ யாராக நிற்கப் போகிறாய்? படம் எடுக்க வந்த கூட்டத்தில் ஒருவராகவா? அந்த மலையைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, அவராகவா?

உன் கையில் இருப்பது உனக்கே தெரியவில்லை

விடியும் முன்னே போடியிலிருந்து ஜீப் ஏறி வரும் ஏலத்தோட்டத் தொழிலாளியின் பிள்ளை நீ. அல்லது பன்னியாறு, பூப்பாறை, சின்னக்கானல் பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். "படிச்சு எப்படியாவது டவுனுக்குப் போயிரு கண்ணு, இந்த மலையில என்ன இருக்கு?" என்று அம்மா சொல்லியிருப்பாள். அவள் முதுகு வலி அவளைப் பேச வைக்கிறது. அவள்மேல் தப்பில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நீ விடை கண்டுபிடிக்க வேண்டும். இந்த மலையில் என்ன இருக்கிறது?

பாதையில் கிடக்கும் ஆனை லத்தியைப் பார்த்திருக்கிறாய். ஊர்ப் பெரியவர் அதைக் குச்சியால் நெம்பிப் பார்ப்பார். உள்ளே இன்னும் சூடு இருக்கிறதா, பலாக்கொட்டை தெரிகிறதா, வண்டு மொய்க்கத் தொடங்கிவிட்டதா? அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்: "இப்பத்தான் போயிருக்கு. அந்தப் பக்கம் போகாதே." அவர் பார்த்த அதையேதான் ஆராய்ச்சியாளர் லத்தியைச் சேகரித்து, எடை போட்டு, உணவு வகை பிரித்து எழுதுகிறார். முன்னவருக்கு அது அனுபவம், பின்னவருக்கு அது பட்டம். இரண்டையும் ஒரே ஆள் வைத்திருந்தால் அவரை யாரால் அசைக்க முடியும்? அந்த ஒரே ஆள் நீயாக ஏன் இருக்கக் கூடாது?

பட்டணத்தில் பிறந்த பிள்ளை வருடக்கணக்கில் உழைத்துக் கற்க வேண்டியதை நீ பள்ளிக்கு நடந்த வழியிலேயே கற்றுவிட்டாய். அதை அறிவு என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அது அறிவு. அதைத் தொழிலாக்கு!

ஒரு யானையைச் சுற்றி எத்தனை வேலை!

அரிக்கொம்பன் என்ற யானையை மறந்திருக்க மாட்டாய். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் அந்தப் பெயர். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டு, நான்கு கும்கி யானைகளை வைத்து அதை லாரியில் ஏற்றினார்கள். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது.

எல்லாரும் டிவியில் யானையைப் பார்த்தார்கள். நீ யானையைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்திருக்க வேண்டும். மருந்தின் அளவை முடிவு செய்தவர் கால்நடை மருத்துவர். கும்கியை நடத்தியவர்கள் பாகனும் காவடி எனப்படும் உதவிப் பாகனும். காலர் அனுப்பிய புள்ளிகளை வரைபடத்தில் குறித்தவர் தொழில்நுட்பம் தெரிந்தவர். யானை எந்த வழியில் போகும் என்று சொன்னவர் ஆய்வாளர். அதை எங்கே விடுவது என்று உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் வழக்கறிஞர்கள். கூட்டத்தை ஒதுக்கி நிறுத்தியவர்கள் வனக்காவலர்கள். அத்தனையும் வேலை. அத்தனையும் படித்தோ பழகியோ கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அந்த இடங்களில் ஒன்று உனக்குப் பொருந்தாதா?

இன்னொன்றும் கவனி. அந்த யானை எல்லைக்கோடு பார்க்கவில்லை. கேரளத்தில் பிடிபட்டது, தமிழ்நாட்டில் இறங்கியது. இரண்டு அரசுகள், இரண்டு வனத்துறைகள், இரண்டு மொழிகள். "அங்கே போனால் தமிழன் என்கிறான், இங்கே வந்தால் மலையாளி என்கிறான், நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம்" என்று நீ குமுறுகிறாய் அல்லவா? நடுவில் நிற்பவன்தான் பாலம்! தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசி, அதோடு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்த ஒருவர் இந்த மேற்குத் தொடர்ச்சி மலைக்கு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பார். உன் குறை என்று நீ நினைத்ததே உன் மூலதனம்.

முன்னால் நடந்தவர்கள்

நாங்குநேரியில் 1945-ல் பிறந்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிறுவயதில் ஜிம் கார்பெட்டின் புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டது. சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்தார். மாதம் பிறந்தால் சம்பளம், நிம்மதியான வாழ்க்கை. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1970களில் பந்திப்பூர் காட்டுக்குள் போய்ச் செந்நாய்களின் பின்னால் நடந்தார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை அறிவியல் முறைப்படி ஆராய்ந்த முதல் இந்தியர் என்று பெயர் பெற்றார். பிறகு டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கினார். 2024-ல் மறையும்வரை காட்டை விடவில்லை. நாங்குநேரியில் காடு ஏது? வறண்ட குளத்துக் கரையிலிருந்து ஒருவர் அங்கே போக முடிந்தது. வாசலைத் திறந்தாலே சோலை தெரியும் உன்னால் முடியாதா?

"நான் அவ்வளவு படிக்கவில்லையே" என்கிறாயா? செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் பார். பாம்பு பிடிப்பது பரம்பரைத் தொழில். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்தத் திறமையை விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு எடுக்கும் தொழிலாக மாற்றியது. 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகிக் காட்டு விலங்குகளை அழித்தபோது, அந்நாட்டார் இந்த இருவரையும் அழைத்துப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் கையில் கல்லூரிச் சான்றிதழ் இல்லை. மண்ணில் தடம் பார்க்கும் கண் இருந்தது.

உன் லயத்தைப் போன்ற லயங்கள் நிறைந்த வால்பாறையைப் பார். எம். ஆனந்தகுமார் என்ற ஆய்வாளர் அங்கே யானைகள் நிற்கும் இடத்தைத் தொழிலாளர்களின் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். யானை பக்கத்தில் இருந்தால் மேட்டில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கை எரிய வைப்பவர்கள் ஊர்க்காரர்களே. 2015-ல் அவருக்கு உலகம் மதிக்கும் விட்லி விருது கிடைத்தது. விருதைவிடப் பெரியது எது தெரியுமா? வேலை முடிந்து இருட்டில் நடந்து வரும் ஒரு தாய், சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து நின்றுவிடுகிறாளே, அது!

குமுளிக்கும் போய்ப் பார். பெரியாறு காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்தவர்களை 1990களின் கடைசியில் வனத்துறை கூட்டிச் சங்கமாக்கியது. வேட்டைத் தடம் அறிந்தவர்கள் காவலர்களானார்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிகளானார்கள். அங்கேயே 2002 முதல் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் பெண்கள் முறைபோட்டுக் காட்டைச் சுற்றி வருகிறார்கள். வழி தவறியவர்களுக்கே காடு வாழ்வு கொடுத்திருக்கிறது. நேர்வழியில் வரும் உனக்குக் கொடுக்காதா?

வழி இருக்கிறது, நடக்கத்தான் வேண்டும்

ஆசை மட்டும் போதாது. முகவரி வேண்டும். குறித்துக்கொள்.

வனவியல் பட்டம் படிக்க மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. கேரளத்தில் திருச்சூர் வெள்ளானிக்கரையில் இருக்கிறது. வனவுயிர் உயிரியலில் முதுகலை படிக்க மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் உண்டு. இன்னும் மேலே போக டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். இருக்கின்றன.

அரசு வேலை வேண்டுமா? தமிழ்நாட்டில் வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளுக்கு இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாக ஆள் எடுக்கிறார்கள். கேரளத்தில் பீட் ஃபாரஸ்ட் ஆபீசர் பணிக்குக் கேரள பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. உச்சியில் இந்திய வனப்பணி. தாவரவியல், விலங்கியல், வேதியியல், கணிதம், வேளாண்மை, பொறியியல் போன்றவற்றில் பட்டம் இருந்தால் யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம். அதில் ஒரு நடைத் தேர்வு உண்டு. ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சமவெளிப் பிள்ளைகள் இதற்காகவே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். மலையேறிப் பள்ளிக்குப் போன கால் உன் கால். பயப்பட என்ன இருக்கிறது?

பட்டம் வரும்வரை காத்திருக்காதே. நாளைக் காலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. தேதி, நேரம், இடம், என்ன பார்த்தாய், எத்தனை பார்த்தாய் என்று எழுது. 2015 முதல் 2020 வரை கேரளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இப்படிக் குறித்துத்தான் ஒரு மாநிலத்துக்கே பறவை வரைபடம் தயாரித்தார்கள். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, சேர்ந்துகொள். பாம்பு மீட்பில் ஆர்வமா? கேரள வனத்துறை பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து ‘சர்ப்ப’ செயலியில் தன்னார்வலர்களை இணைக்கிறது. பயிற்சி இல்லாமல் மட்டும் ஒரு பாம்பையும் தொடாதே. வீரம் வேறு, விளம்பரம் வேறு.

கஷ்டத்தை மறைக்க மாட்டேன்

இது சொகுசு வேலை இல்லை. தற்காலிக வாட்சருக்குச் சம்பளம் குறைவு. அட்டை கடிக்கும், மழை நனைக்கும், பண்டிகை நாளில் வீட்டில் இருக்க முடியாது. 2023 ஜனவரி 25 அன்று சாந்தன்பாறை பன்னியாறு எஸ்டேட் பக்கம் வனத்துறை வாட்சர் ஒருவரை யானை கொன்றது. சாலையில் நின்ற யானைகளிடம் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசுவதுபோலப் பேசி, அதட்டிக் காட்டுக்கு அனுப்பியவர் அவர். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்க்காதவர் உன் ஊரில் இருக்க மாட்டார். அவரை நினைத்து அழுதோம். அழுததோடு முடிந்துவிடுமா? ஒரு வாட்சர் தனியாக, வெறுங்கையோடு யானைக்கு முன்னால் நிற்க வேண்டிய நிலை இனி வரக் கூடாது. அதை மாற்ற, அந்த நிலையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் அதிகாரியின் நாற்காலியில் உட்கார வேண்டும். நல்ல கருவி, நல்ல சம்பளம், நல்ல முன்னெச்சரிக்கை என்று கேட்டு வாங்கித் தர வேண்டும். அந்த நாற்காலிக்கு நீ வா!

காட்டைக் காப்பது யானைக்காக மட்டும் இல்லை. பூப்பாறைக்கு மேலே இருக்கும் மதிகெட்டான் சோலை 12.82 சதுர கிலோமீட்டர்தான். ஏலத்தோட்ட ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே ஊறும் ஓடைகள் பன்னியாற்றில் சேர்கின்றன. அந்த ஆற்று நீர்தான் பொன்முடி அணையைத் தாண்டி மின்சாரமாகிறது. சோலை செத்தால் ஓடை சாகும். ஓடை செத்தால் ஏலச்செடி வாடும். ஏலம் வாடினால் உன் வீட்டு அடுப்பு எரியாது. சோலையைக் காப்பவன் சோற்றைக் காக்கிறான்.

உள்ளே போனவன் மதி கெட்டு வழி தவறுவான், அதனால்தான் அந்தச் சோலைக்கு அந்தப் பெயர் என்பார்கள் பெரியவர்கள். நான் சொல்கிறேன், அந்தச் சோலைக்குள் வழி தெரிந்தவர்கள் உன் ஊரில்தான் இருக்கிறார்கள். மதி கெடுவது காட்டில் இல்லை. தன் பலம் தனக்குத் தெரியாமல், கண்ட பக்கமெல்லாம் ஓடும்போதுதான் மதி கெடுகிறது.

இன்று பள்ளியில் இருக்கும் உனக்கு 2034-க்குள் பட்டம் முடிக்க நேரம் இருக்கிறது. தேர்வில் தோற்க நேரம் இருக்கிறது, மறுபடி எழுதி ஜெயிக்கவும் நேரம் இருக்கிறது. நடுவில் "இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று ஊர் கேட்கும். புதர்தானே என்று சொல்லும். சொல்லட்டும். குறிஞ்சியையும் அப்படித்தான் சொன்னார்கள்.

கள்ளிப்பாறைச் சரிவில் 2022-ல் பூத்த செடிகள் விதை உதிர்த்துவிட்டுக் காய்ந்து போயின. அந்த விதைகள் முளைத்துவிட்டன, வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவை ஒரு நாளையும் வீணாக்கவில்லை. எழுந்திரு, நீயும் தொடங்கு!