கன்று யாருக்குரியது?

களவு போன பொருள் மீட்கப்பட்டால் அதனை உடையவனிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இராது. திருவள்ளுவர் கள்ளாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அதனையும் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், துறவறவியலில் வைத்தார். அரசனின் தண்டனைக்கு அஞ்சிக் கடைப்பிடிக்கும் ஒழுங்கன்று கள்ளாமை. அஃது உள்ளத்தின் தூய்மை என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. களவு போன பொருள், கள்வன் கையிலும் காவலர் கையிலும் இருந்த காலத்தில் பன்மடங்காகப் பெருகிவிட்டால், அப்பெருக்கம் யாரைச் சேரும்? இழந்தவனையா, மீட்ட அரசையா? முற்காலத்தில் இவ்வினா அரிதாகவே எழுந்தது. திருட்டுப்போன அண்டாவும் சங்கிலியும் மீண்டு வந்தால், வந்த அளவே மகிழ்ச்சி எனப் பெற்றுக்கொண்டு போவதே வழக்கமாக இருந்தது. இன்றோ இவ்வினா பல்லாயிரம் கோடி ரூபாய் அளவில் நீதிமன்றங்களின் முன் நிற்கிறது. அதற்குக் காரணம், கிரிப்டோ நாணயம் எனப்படும் புதுவகைச் செல்வமாகும்.

கிரிப்டோ நாணயங்களுள் முதலாவதும் தலையாயதுமான பிட்காயின் 2009ஆம் ஆண்டு சனவரியில் தோன்றியது. அதனைக் கையால் தொட முடியாது. பெட்டியில் பூட்ட முடியாது. உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளில் ஒரே வகையாக எழுதப்பட்டிருக்கும் பேரேட்டில் அஃது ஒரு பதிவு மட்டுமே. அப்பதிவை ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவருக்கு மாற்றும் ஆற்றல், நீண்டதொரு மறை எண்ணில் அடங்கியுள்ளது. அவ்வெண்ணை அறிந்தவனே அந்நாணயத்தை ஆள்பவன். ஆகவே களவுப் பணத்தை வெளுத்துக் காட்ட விழைவோர்க்கு இது வசதியாயிற்று. ஒரு நாட்டில் ஏமாற்றிய பணத்தை நாணயமாக மாற்றிச் சிறு கருவியொன்றில் மறை எண்ணை ஏந்திக்கொண்டு கடல் கடந்துவிடலாம். காவல் துறை அதனைக் கைப்பற்றுவது என்பதும் அந்த எண்ணைக் கண்டறிந்து, நாணயத்தைத் தன் பொறுப்பிலுள்ள கணக்கிற்கு மாற்றிக்கொள்வதேயாகும்.

இலண்டன் மாநகரக் காவல் துறை கைப்பற்றிய நாணயங்களின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். சீனாவில், தியான்சின் நகரைச் சார்ந்து இயங்கிய நிறுவனம் ஒன்று, 2014 முதல் 2017 வரை, பெருவருவாய் தருவதாகக் கூறி 1,28,000க்கும் மேற்பட்ட மக்களிடம் பணம் திரட்டியது. அவர்களுள் முதியோர் பலர். வாழ்நாள் சேமிப்பை இழந்தோர் பலர். திரட்டிய தொகையின் ஒரு பகுதியைப் பிட்காயினாக மாற்றிக்கொண்டு, அந்நிறுவனத்தை நடத்திய பெண்மணி 2017இல் பொய் ஆவணங்களுடன் இங்கிலாந்து சென்றார். அங்கே பெருமதிப்புள்ள மாளிகை ஒன்றை வாங்க முயன்றபோது, பணம் எங்கிருந்து வந்தது என்ற வினா எழுந்தது. காவலரின் கவனம் திரும்பியது. 2018இல் அவர் தங்கியிருந்த வீட்டில் சோதனை நடந்தது. அவ்வாய்வின் பயனாகக் கைப்பற்றப்பட்டவை 61,000 பிட்காயின்கள். 2024இல் அவர் கைதானார். 2025 செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நவம்பரில் 11 ஆண்டு 8 திங்கள் சிறைத் தண்டனை பெற்றார்.

குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்ததோடு வழக்கு முடிந்திருக்கலாம். ஆனால் நாணயத்தின் விலை அதனை முடிய விடவில்லை. 2025இல் அந்த 61,000 நாணயங்களின் மதிப்பு 500 கோடி பவுனைக் கடந்தது. நம் கணக்கில் ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அவற்றை வாங்கச் செலவிட்ட தொகையோ இதில் ஒரு சிறு கூறே. குற்றத்தால் வந்த பொருள் பற்றிய பிரிட்டனின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமை நாட்டுவோர் இல்லாத பொருள் அரசையே சேரும். ஏமாந்தோர் உயர்நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றனர். அவர்களுக்கு ஈடளிக்கும் திட்டம் ஒன்றும் அங்கே பேசப்பட்டது. இழந்த தொகையை மட்டும் திருப்பித் தந்துவிட்டு எஞ்சியதை அரசு வைத்துக்கொள்வதா, பெருக்கம் முழுவதும் அவர்களையே சேருமா என்பதே அங்கு எழுந்த வினா.

அரசின் பக்கத்து நியாயத்தையும் நாம் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். ஏமாந்தவர் இழந்தது யுவான் நாணயம், பிட்காயின் அன்று. அவர்கள் தாமாக ஒருபோதும் பிட்காயினை வாங்கியிருக்க மாட்டார்கள். பணத்தை மாற்றியவர் குற்றவாளி. தேடிக் கண்டுபிடித்தது காவல் துறை. பல ஆண்டு உழைப்பும் செலவும் அரசினுடையவை. உழைக்காத பெருக்கத்தை ஏமாந்தவருக்குத் தருவது, களவு போனதையே ஒரு பேறாக ஆக்கிவிடாதா? மேலும், பேராசையால் அன்றோ அவர்கள் ஏமாந்தார்கள்? வெஃகாமையை மறந்தவருக்கு ஊதியமும் வேண்டுமா? இவ்வாறு கேட்பவர் உளர்.

இவற்றுள் கடைசி வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏமாந்தவனிடம் ஆசை இருந்திருக்கலாம். ஆசை குறையே, எனினும் அது குற்றமாகாது. கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டுச் சீட்டு நிறுவனத்தில் மகளின் திருமணப் பணத்தைப் போட்டு இழந்த குடும்பங்களை நம் நாட்டில் எந்த ஊரில் காணவில்லை? அவர்களைப் பார்த்து, ஆசைப்பட்டீர்கள், ஆகவே உங்கள் பொருள் அரசுக்கு என்று சொல்ல நமக்கு நா எழுமா?

இனி, பெருக்கம் பற்றிய வினா. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 163ஆம் பிரிவில் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறது. ஒருவன் தன் பசுவைப் பார்த்துக்கொள்ளுமாறு மற்றொருவனிடம் விடுகிறான். அப்பசு கன்று ஈனுகிறது. பசுவைத் திருப்பித் தரும்போது கன்றையும் சேர்த்தே தர வேண்டும் என்கிறது சட்டம். புல் போட்டவன் நான், ஆகவே கன்று எனக்கு என்று காப்பவன் சொல்ல முடியாது. உடையவன் மனமுவந்து விட்ட பசுவுக்கே இதுதான் நெறி என்றால், உடையவன் மனமறியாமல் ஓட்டிச் செல்லப்பட்ட பசுவுக்கு இதனினும் தாழ்ந்த நெறி பொருந்துமா?

விட்டது பசு, திரும்பி வந்தது குதிரை என்றால் என் செய்வது என்று வினவலாம். பணம் கொடுத்தவர்க்கு நாணயம் உரியதாகுமா என்பது அதன் கருத்து. இதற்கும் விடை உண்டு. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை ஒரு வழக்கைத் தீர்த்தது. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்துத் தன் ஆயுள் காப்பீட்டுத் தவணைகளுக்குக் கட்டினான் ஒருவன். அவன் இறந்தபின் 10 இலட்சம் பவுன் வந்தது. பணத்தை இழந்தோர்க்குத் தவணைத் தொகையை மட்டும் வட்டியோடு கொடுத்தால் போதாது. அவர்தம் பணம் எந்த விகிதத்தில் காப்பீட்டில் கலந்ததோ அந்த விகிதத்தில் வந்த தொகையிலும் பங்கு உண்டு எனப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். உருவம் மாறினாலும் உரிமை பின்தொடர்ந்து செல்லும் என்பதே அதன் சாரம். ஏமாந்தவன் உழைத்துப் பெருக்கவில்லை என்பது மெய்யே. அரசுதான் உழைத்துப் பெருக்கியதா? விலை தானாக ஏறிற்று. இருவரும் உழைக்காத இடத்தில், எவனுடைய பொருளிலிருந்து முளைத்ததோ அவனுக்கே விளைச்சல் உரியது. தேடிய செலவை அரசு கழித்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் கொள்வதற்கு நியாயம் காணோம்.

நட்டத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விலை ஏறாமல் பாதியாகக் குறைந்திருந்தால், குறைந்ததை அரசு ஈடு செய்து முழுத் தொகையைத் தந்திருக்குமா? தந்திராது. கிடைத்தது இவ்வளவே எனக் கைவிரித்திருக்கும். நட்டம் உன்னுடையது, இலாபம் என்னுடையது என்பது எவ்வகை நீதி? இழப்பைத் தாங்குபவன் எவனோ அவனுக்கே பெருக்கமும் உரியது என்பது நம் கடைத்தெருக் கணக்குப்பிள்ளையும் அறிந்த முறையாகும்.

அமெரிக்காவில் நிகழ்ந்த மற்றொரு வழக்கு இதற்கு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. பிட்ஃபினெக்ஸ் என்னும் நாணயச் சந்தையிலிருந்து 2016 ஆகஸ்டில் 1,19,754 பிட்காயின்கள் திருடப்பட்டன. அன்றைய மதிப்பு ஏறத்தாழ 7 கோடி டாலர். அச்சந்தை தன் வாடிக்கையாளர் அனைவரின் இருப்பிலும் 36 விழுக்காட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக டாலர் மதிப்பில் சீட்டுகள் தந்தது; 2017 ஏப்ரலுக்குள் அவற்றைத் தீர்த்தும் விட்டது. 2022 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் 94,000க்கும் மேற்பட்ட நாணயங்களைக் கைப்பற்றியபோது அவற்றின் மதிப்பு 360 கோடி டாலர். இங்கே திருடு போனதும் நாணயம், கிடைத்ததும் நாணயம். அவை நாணயமாகவே அச்சந்தைக்குத் திருப்பப்படல் வேண்டும் என 2025 சனவரியில் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் 2016இல் இழப்பைத் தாங்கிய எளிய வாடிக்கையாளன் நிலை என்ன? அன்றைய விலையில் அவன் கணக்கு தீர்க்கப்பட்டுவிட்டது. உடையவன் யார் என்பதை எங்கே நிறுத்திக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நீதி எத்துணை மாறுகிறது என்பதற்கு இது சான்றாகும்.

காப்பவன் கடமைக்கு மற்றோர் எல்லையும் உண்டு. செருமனியின் சாக்சனி மாநிலத்தார், திரைப்படத் திருட்டு இணையதளம் ஒன்றன் வழக்கில் 2024 சனவரியில் ஏறத்தாழ 50,000 பிட்காயின்களைப் பெற்றனர். விலை சரியலாம் என்னும் அச்சத்தால், தீர்ப்பு வரும் முன்பே, சூன், சூலைத் திங்களில் அவற்றை விற்று 264 கோடி யூரோ ஈட்டினர். அவ்வாண்டு முடியும் முன்னரே விலை பெரிதும் ஏறியது. அவசரப்பட்டார்கள் என்று பலர் நகைத்தனர். நாம் நகைக்கமாட்டோம். பிறர் பொருளைக் காப்பவன் சூதாடலாகாது. விலை ஏறும் எனக் காத்திருப்பதும் ஒருவகைச் சூதே. அதற்கு மாறாக, 2025 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர், பறிமுதலான பிட்காயின்களை விற்காமல் நாட்டின் இருப்பாகச் சேர்த்து வைக்க ஆணை பிறப்பித்தார். அடையாளம் காணப்பட்ட ஏமாந்தோர்க்குத் திருப்பித் தர அவ்வாணையிலும் இடம் உண்டு. ஆயினும் காவலாளி கருவூலக்காரனாக மாறும்போது, உடையவனைத் தேடும் ஆர்வம் குறைந்துவிடுமோ என்னும் அச்சம் நமக்கு நீங்கவில்லை.

நம் நாட்டிலும் பணம் வெளுத்தலைத் தடுக்கும் சட்டம் 2002இல் இயற்றப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச் 7ஆம் நாள் அறிவிக்கையால் கிரிப்டோ நாணயத் தொழிலும் அதன் வரம்பிற்குள் வந்தது. பறிமுதலான பொருள் நடுவணரசைச் சேரும் என்று கூறும் அச்சட்டமே, நேர்மையான உரிமையுடையோர்க்குத் திருப்பித் தரவும் வழி வகுத்துள்ளது. அரசு அலுவலகங்களில் கணக்குத் தலைப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு ஈண்டு அரசியலமைப்பின் 266ஆம் உறுப்பு நினைவிற்கு வரும். அரசின் சொந்த வருவாய் தொகுப்பு நிதியில் சேரும். அரசு பிறருக்காக ஏற்று வைத்திருக்கும் பணம் பொதுக் கணக்கில் நிற்கும். இரண்டும் ஒரே அரசின் கையில் இருப்பினும் ஒன்றல்ல. கையில் இருப்பதெல்லாம் தன்னுடையதன்று என்னும் அறத்தை நம் முன்னோர் ஒரு கணக்கு முறையாகவே ஆக்கி வைத்தனர். மீட்கப்பட்ட நாணயம் அறத்தின்படி எந்தத் தலைப்பில் நிற்க வேண்டியது என்பதை ஒரு கீழ்நிலை எழுத்தரும் சொல்லிவிடுவார்.

கைப்பற்றும் அதிகாரத்திற்கு மற்றோர் இடரும் உண்டு. ஐயத்தின் பேரில் பற்றியது, குற்றமற்றவன் பொருளாகவும் இருக்கலாம். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு வார்த்திகன் வரலாற்றைக் கூறுகிறது. அவன் மகன் தன் கல்வித் திறத்தால் பரிசாகப் பெற்ற அணிகலன்களைக் கண்டு அழுக்காறு கொண்ட அரச ஊழியர், வார்த்திகன் புதையலைக் கவர்ந்தான் எனச் சிறையிட்டனர். கொற்றவை கோயிற் கதவு அடைத்துக்கொண்டது. உண்மையறிந்த பாண்டியன் அவனை விடுவித்து, அவன் முன் நிலத்தில் வீழ்ந்து பொறுத்தருள வேண்டி, ஊர்களும் அளித்தான். அத்துடன் நில்லாது, புதையல் அதனைக் கண்டெடுத்தவர்க்கே ஆகுக எனவும் பறையறைவித்தான். தன் கருவூலத்துக்கு வரக்கூடிய பொருளை விட்டுக்கொடுத்த பின்னரே அவனுடைய நீதி நிறைவு பெற்றது. ஊழியர் தவறியதற்குக் காரணம், பொருள் அரசைச் சேரும் என்னும் நினைவு அவர்கள் கண்ணை மறைத்தமையே. கைப்பற்றுவதால் அரசுக்கு வருவாய் உண்டு என்றால், ஐயம் எளிதாகவே தோன்றும் அன்றோ?

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிபு இது. கைப்பற்றிய அரசு காவலாளியே, உடைமையாளன் அன்று. உடையவர் இருக்கும்வரை பசுவும் கன்றும் அவர்க்கே உரியன. பெருக்கத்தை இழந்தோர் அனைவர்க்கும் அவரவர் இழப்பின் விகிதப்படி பகிர்ந்தளித்தல் வேண்டும். தேடிய செலவுபோக அரசு தனக்கென ஒன்றும் கொள்ளலாகாது. தேடியும் உடையவர் கிடைக்காத பொருளையே பொதுமக்கள் நலனுக்குச் செலவிடலாம். அதையும் நெடுங்காலம் தேடிய பின்னரே செய்தல் தகும்.

தியான்சினில் பணம் கொடுத்த முதியோர்க்குப் பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அவர்களுள் சிலர் இன்று இல்லாமலும் இருக்கலாம். நாணயத்தின் விலை நாள்தோறும் ஏறியும் இறங்கியும் ஆடும்; காத்திருப்போர் வயதோ ஒரு திசையிலேயே செல்லும். கள்வனிடமிருந்து பொருளை மீட்பது அரசின் வீரம். மீட்டதைக் காலத்தே உடையவனிடம் சேர்ப்பதே அரசின் அறம்.