கயிறு பிடிப்பவன்

கடலுக்குள் இறங்குகிறவனைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. படகிலேயே இருந்துவிடுகிறவனைப் பற்றிக் கதை எழுத யாருக்கும் கை வருவதில்லை. கதாசிரியர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. கீழே மீன் இருக்கிறது, பவழம் இருக்கிறது, மூழ்கிப்போன கப்பல் இருக்கிறது. மேலே வெயில்தான் இருக்கிறது.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், 1961-ஆம் ஆண்டோடு அது நின்றுவிட்டது, மேலே இருந்தவனுக்கு ஒரு வேலை இருந்தது. குளிப்பவன் கல்லில் கால் வைத்து மூச்சடக்கி இறங்குவான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் அவன் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதுதான் வழக்கம் என்று ஒரு பேச்சு உண்டு. கயிறு நழுவினால் அவனுடைய தங்கைக்கல்லவா தாலி போகும்! அன்பை நம்பாமல் உறவின் நிர்ப்பந்தத்தை நம்பிய அந்த ஏற்பாட்டைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உயிரை ஒப்படைக்கும்போது மனிதன் காட்டும் ஜாக்கிரதை அதில் இருக்கிறது.

1943-இல் பிரான்ஸில் கூஸ்தோ, கக்னான் என்ற இருவர், முதுகில் சுமந்த சிலிண்டரிலிருந்து வேண்டும்போது வேண்டிய அளவு காற்று வரும்படி ஒரு கருவி செய்தார்கள். முழுகுகிறவன் மேலே இருப்பவனிடமிருந்து விடுதலை பெற்றான். அப்படியானால், மேலே இருப்பவனும் தன் கடமையிலிருந்து விடுதலை பெற்றுவிட்டானா?

இந்தக் கேள்வி ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. அமெரிக்காவில், பிளாரிடாவின் தெற்கே கீ லார்கோ முதலான தீவுகளில், சொந்தமாகச் சிறு படகு வைத்திருப்பவர்கள் வார விடுமுறைதோறும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருபது, இருபத்திரண்டு அடிப் படகு. நாலு சிநேகிதர்கள். ஆளுக்கு இரண்டு சிலிண்டர். நிரப்பிய சிலிண்டர் ஒன்று 16, 17 கிலோ இருக்கும். எட்டும் சேர்ந்தால், டிக்கெட் இல்லாமல் இரண்டு தடித்த ஆசாமிகள் ஏறிக்கொண்ட மாதிரி. அவற்றைப் படகின் நடுவில், தாழ்வாக, உருளாதபடி கட்ட வேண்டும். சதுர அங்குலத்துக்கு 3,000 ராத்தல் அழுத்தத்தில் அடைத்த காற்று அது. அலையில் உருண்டு அதன் வால்வு உடைந்தால் விபரீதம்.

ஏணி நீருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். களைத்து வருகிறவனால் படகின் விளிம்பைப் பிடித்து எம்பி ஏற முடியாது. பின்புறம் மிதவை கட்டிய நீண்ட கயிறு ஒன்று நீரோட்டத்தோடு மிதந்து கிடக்க வேண்டும். பிராணவாயுக் குப்பியும் ரேடியோவும் வேண்டும். வெள்ளைக் குறுக்குப் பட்டை போட்ட சிவப்புக் கொடி வேண்டும். அதைக் கண்டால், திறந்த கடலில் மற்றப் படகுகள் 300 அடி விலகிப் போக முயல வேண்டும் என்பது பிளாரிடாச் சட்டம். எல்லாரும் ஏறியதும் கொடியை இறக்கிவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எனக்கு இந்த இரண்டாவது விதி மிகவும் பிடித்திருக்கிறது. சோம்பலினால் எப்போதும் பறக்கிற கொடி பொய் சொல்லும் கொடி. அதைப் பார்த்து ஏமாந்தவன் நாளைக்கு மெய்யான கொடியையும் மதிக்க மாட்டான். எவனோ ஒருவனுடைய முதுகின் மேல் யந்திர விசிறி ஓடும்.

இவையெல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். கிடைக்காத சாமான் ஒன்றுதான்: படகில் தங்கிவிடச் சம்மதிக்கும் ஆள்.

“நங்கூரம் பிடித்துக்கொள்ளும், நாலு பேரும் இறங்குவோமே!” என்பார் ஒருவர். எல்லாரும் வயது வந்தவர்கள், அபாயம் தெரிந்தவர்கள், ஜோடி ஜோடியாகத்தான் போகிறார்கள். அவரவர் உயிருக்கு அவரவர் பொறுப்பு. நியாயமான வாதம்தான். ஆனால் கடலை அந்த வாதத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. மணிக்கு ஒரு கிலோமீட்டர் ஓடும் நீரோட்டம் கரையில் நடப்பவனுக்கு ஒரு பொருட்டல்ல. சிலிண்டரோடு அதை எதிர்த்து நீந்துகிறவன் சீக்கிரம் ஓய்ந்துபோவான். கண்ணெதிரே படகு நிற்கும். சாவி அதில் இருக்கும், ரேடியோ இருக்கும். ஆள் இருக்காது.

சிலர் இதற்கு ஓர் உபாயம் செய்கிறார்கள். முழுகத் தெரியாத மனைவியையோ பதினைந்து வயதுப் பையனையோ உட்கார்த்திவைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த அம்மாள் நாவல் படித்துக்கொண்டிருக்கலாம். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் யந்திரத்தைக் கிளப்பவும், நங்கூரத்தை விடுவிக்கவும், ரேடியோவில் கூப்பிடவும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா? சொல்லிக் கொடுக்காமல் உட்கார்த்தியிருந்தால், அவளைக் காவலுக்கு வைக்கவில்லை. பிற்பாடு பழியை ஏற்றிக்கொள்ள வைத்திருக்கிறார்கள்.

தெரிந்தவர்கள் இருக்கும் இடத்திலும் மறதி வந்துவிடுகிறது. 1998 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் பெரும் பவழத்திட்டுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற படகு ஒன்று ஒரு கணவனையும் மனைவியையும் கடலிலேயே விட்டுவிட்டுத் திரும்பியது. படகில் மாலுமிகள் இருந்தார்கள். தலைகளை எண்ணவும் செய்தார்கள். கணக்கு மட்டும் தவறிவிட்டது. இரண்டு நாள் கழித்து, படகில் கிடந்த ஒரு பையைப் பார்த்த பிறகுதான் அது யாருடையது என்ற கேள்வி பிறந்தது. இருவருடைய உடலும் கிடைக்கவே இல்லை. ஒரு பைக்கு இருந்த ஞாபகசக்தி ஒரு படகு மனிதர்களுக்கு இல்லாமற் போயிற்று.

எண்ணிக்கையில் இந்தத் தொல்லை உண்டு. இரண்டு தடவை எண்ணப்பட்ட தலை, இல்லாத தலைக்கு ஈடாக நின்றுவிடும். பெயருக்கு அப்படி ஆள் மாற முடியாது. ஒருவர் பெயரைச் சொல்லி அழைத்தால் அவரே பதில் சொல்ல வேண்டும். ஆகவே சிறு படகில் எண்ணாமல் அழைப்பது நல்லது. நாலு பேரை அழைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கடைசிப் பெயருக்குப் பதில் வரும்வரை யந்திரத்தின் சாவி மேலே இருந்தவருடைய சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் முறை மாறுகிறது. ஈரத்தோடு ஏறிய இருவர் துவட்டிக்கொண்டு வெயிலில் உட்காருகிறார்கள். இதுவரை குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்த இருவர் சிலிண்டரை மாட்டிக்கொள்கிறார்கள். சாவி கை மாறுகிறது. இறக்கிவைத்த கொடியை ஒருவர் மறுபடி ஏற்றுகிறார்.