புதுமனையிற் புத்தாண்டு

ஊரிலே பல்லாண்டு கொண்டாடிய திருநாளைப் புதிய தேசத்திலே, புதிய மனையிலே, ஆரவாரமின்றிக் கழிப்பவன் அத்திருநாளை இழந்தவனாவானோ? நம்மவர் பலர்க்கு இவ்வினா நேர்ந்துள்ளதாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சித்திரை வருடப்பிறப்பை எடுத்துக்கொள்வாம். இலங்கையிலே அது தமிழர்க்குஞ் சிங்களவர்க்கும் பொதுவாகிய அரச விடுமுறை நாள். யாழ்ப்பாணத்திலே விஷு புண்ணியகாலத்தில், தாழம்பூ, தாமரைப்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியன இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைப் பெரியோர் சிரசிலே வைப்ப, யாவரும் ஸ்நானஞ்செய்து, புத்தாடை தரித்து, ஆலய தரிசனம் பண்ணிக் கைவிசேடம் பெறுவர். பின்னர்ப் போர்த்தேங்காயும் ஊஞ்சலும் வண்டிச் சவாரியுமாக ஊர் முழுதும் ஒரு வீடு போலாகும்.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர்க் கடல் கடந்தோர் பலர்க்கு இவை கைகூடாவாயின. கனடா தேசத்து ரொறன்ரோ நகரிலே நம் ஆலயங்கள் உளவெனினும், வருடப்பிறப்பு அங்கே அரச விடுமுறையன்று. யான் அந்நகரிற் குடிபுகுந்த முதலாண்டிலே, விடியுமுன் எழுந்து, மஞ்சள் கரைத்த நீரில் ஸ்நானஞ்செய்து, விளக்கேற்றி வழிபட்டேன். சிரசிலே மருத்துநீர் வைக்க ஒரு கை இல்லை. வெற்றிலையிலே நாணயம் வைத்துத் தருந் தந்தையாரும் இல்லை. இஃதும் ஒரு திருநாளோ என்னுந் துக்கம் எழுந்தது. அத்துக்கமே இவ்விசாரணைக்குக் காரணமாயிற்று.

சூரியன் மேடராசியிற் பிரவேசிக்குங் கணம் உலகனைத்துக்கும் ஒன்றே. ஏப்பிரல் மாதத்திலே இலங்கைக் கடிகாரத்துக்கும் ரொறன்ரோக் கடிகாரத்துக்கும் 9½ மணிநேர வித்தியாசம் உண்டு. வேறுபடுவது கடிகாரமேயன்றிக் கணமன்று. அக்கணத்துக்கு முன் 4 மணிநேரமும் பின் 4 மணிநேரமுமாகிய புண்ணியகாலம் ஊரிலுள்ள தமையனுக்கும் கடல் கடந்த தம்பிக்கும் ஒருங்கே வாய்க்கின்றது. ஆதலால் இடம் மாறினமையாலே திருநாளை இழந்தோமென்றல் பொருந்தாது.

ஆரவாரமே திருநாளுக்கு உயிரென்பாரும் உளர். ஊரிலேதானும், அயலார் காணவேண்டுமென்று கடன்பட்டுப் புத்தாடை வாங்கியும் விருந்து செய்தும் பின்னர் வருந்தினோர் இலரோ? காண்பார் ஒருவருமில்லாத மனையிலே ஏற்றும் விளக்கே, அதனை யார்பொருட்டு ஏற்றினோமென்பதை நமக்கு உணர்த்தும்.

அங்ஙனமாயின் தனித்திருத்தலே சாலுமோவெனின், சாலாது. மருத்துநீரைத் தன் சிரசிலே தானே வைத்துக்கொள்ளலாம். கைவிசேடத்தையோ தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளல் கூடாது. அதற்குக் கொடுப்பாரும் வேண்டும், கொள்வாரும் வேண்டும். ஆகவே திருநாளினின்றும் ஆரவாரம் நீங்கலாம், ஈகை நீங்கலாகாது. எனக்குத் தருவாரில்லையென்று வருந்திய யான், தரவேண்டிய வயது எனக்கு வந்துவிட்டதை அன்றே அறிந்தேன். அன்று மாலை, அக்கட்டடத்திலே தனித்துறைந்த நம்மூர் மாணாக்கன் ஒருவனை அழைத்து, அன்னமிட்டு, நாணயம் ஒன்றை அவன் கையிலே வைத்தேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு தன் தாயாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அதுவரையும் வெறுஞ் சுவராயிருந்த வீடு அப்பொழுதே மனையாயிற்று.

அன்பர்களே! புதுமனையிலே வைகுவோர் திருநாளன்று ஒருவருக்கேனும் ஈந்து உண்பாராக. ஊரிலிருப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளைகளெல்லாங் கடல் கடந்தமையால் பழைய வீட்டிலே தனித்திருக்கும் முதியோர் நம் அயலிலே பலர் உளர். அவர்க்குக் கொடுக்கச் செல்லவேண்டுவதில்லை. அவர் கையினாலே கைவிசேடம் வாங்கச் செல்லுக. பெறுவாரின்றி மெலிந்த கைக்கு, பெற்றுக்கொள்ளுதலே பெரிய ஈகையாம்.